தண்ணி போற வழி: முதல் கடல்மீன் தொட்டிக்கு உப்பளத்துல கத்துக்கிட்ட பிளம்பிங்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு வீட்டுல இருந்து பேசல. மரக்காணத்துல, ஒரு உப்பளத்து வரப்பு மேல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி இரைச்சலா கேக்குறது காத்து. எவ்வளவு எடிட் பண்ணாலும் அது போகாது, பொறுத்துக்கோங்க.

மரக்காணம் தெரியாதவங்களுக்கு: சென்னையிலிருந்து ஈசிஆர்ல பாண்டிச்சேரி போற வழியில, சுமார் 120 கிலோமீட்டர். விழுப்புரம் மாவட்டம். ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா உப்பு குவிச்சு, மேல ஓலை போட்டு மூடி வச்சிருப்பாங்களே, பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க. அந்த ஊர்தான். என் தாய்மாமா இங்க அளத்துல வேலை பார்க்கிறவர்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "அக்கா, முதல் தடவை கடல்மீன் தொட்டி வைக்கப் போறேன். எந்த லைட் வாங்கலாம், எந்த ஸ்கிம்மர் வாங்கலாம்?" சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி என் வீட்டு ஹால்ல நடந்த ஒரு கதையைச் சொல்லணும்.

என் முதல் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். முழுசா நிரப்பினா 182 லிட்டர். அதுக்குக் கீழே அலமாரிக்குள்ள இன்னொரு கண்ணாடித் தொட்டி, அதுதான் சம்ப். கடல்மீன் தொட்டின்னதும் பெரிய விஞ்ஞானம்னு பயப்படாதீங்க. நம்ம வீட்டுத் தண்ணி அமைப்பு எப்படியோ, இதுவும் அப்படித்தான். மொட்டை மாடியில ஓவர்ஹெட் டேங்க், வாசல்ல சம்ப், நடுவுல மோட்டார். மீன் இருக்கிற தொட்டிதான் ஓவர்ஹெட் டேங்க். அதுல வழியிற தண்ணி குழாய் வழியா கீழே சம்புக்கு வரும். சம்புல அழுக்கைப் பிரிக்கிற சாமான் எல்லாம் இருக்கும். அங்கிருந்து மோட்டார் திரும்ப மேலே ஏத்தும். நாள் முழுக்க, வருஷம் முழுக்க இதேதான்.

நான் எல்லாத்தையும் வீடியோ பார்த்து வாங்கினேன். லைட் நல்லது, பம்ப் நல்லது. மூணாவது வாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கரண்ட் போச்சு. நான் தூங்கிட்டு இருந்தேன். காலையில கால் வச்சா ஹால் முழுக்க உப்புத்தண்ணி. அலமாரிக்குள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில கிடக்கு, அதுக்குள்ள தண்ணி. கரண்ட் இன்னும் வரல. வந்திருந்தா நான் இந்த எபிசோட் பண்ணிட்டு இருப்பேனான்னு தெரியல. அரை மணி நேரத்துல கீழ் வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டுறாங்க, அவங்க வீட்டு சீலிங்ல ஈரம்.

என்ன ஆச்சுன்னா, மோட்டார் மேலே ஏத்துற குழாயோட வாய், தொட்டித் தண்ணிக்குள்ள 12 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்துச்சு. மோட்டார் நின்னதும் அதே குழாய் வழியா தண்ணி தலைகீழா இறங்க ஆரம்பிச்சிருச்சு. பைக் டேங்க்ல டியூப் விட்டுப் பெட்ரோல் உறிஞ்சி எடுப்பாங்கல்ல, அதே சைஃபன்தான். குழாய் வாய் வெளியே தெரியுற வரைக்கும் நிக்காது. 90 பெருக்கல் 45 பெருக்கல் 12, கிட்டத்தட்ட 48 லிட்டர் கீழே வந்திருக்கு. சம்புல காலியா இருந்த இடம் 38 லிட்டர். மிச்சம் பத்து லிட்டர்தான் என் ஹால்ல கிடந்தது.

அந்த வாரக் கடைசியில வெறுத்துப்போய் மரக்காணத்துக்கு வந்தேன். மாமாகிட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கல. வரப்புல கூட்டிட்டு நடந்தார்.

உப்பளத்தை ரோட்டுல இருந்து பார்த்தா சமதரை மாதிரி இருக்கும். நடந்து பார்த்தாதான் தெரியும், ஒவ்வொரு பாத்தியும் அடுத்த பாத்தியை விட ஒரு விரல், ரெண்டு விரல் மேடு. உவர்நீர் முதல் பாத்தியில நிக்கும், காயும், மடையைத் திறந்தா அடுத்ததுக்குத் தானா இறங்கும். மாமா சொன்னார்: "பாப்பா, தண்ணி வர்ற வழியை யார் வேணா வெட்டலாம். மழை பெய்யும்போது தண்ணி எங்க போகும்னு முதல்ல யோசிச்சுட்டுதான் நாங்க மம்பட்டியை எடுப்போம்."

அவங்களுக்கு இது வெறும் அறிவுரை இல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ இந்த உப்பளம் எல்லாம் ஏரி மாதிரி நின்னுச்சு. எந்த வரப்பு உடையும், எந்தப் பக்கம் வெட்டி விடணும்னு தெரிஞ்சவங்களுக்கே மறுபடி பாத்தி கட்ட எத்தனையோ நாள் ஆச்சு.

அன்னைக்கு ராத்திரி மாமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, ஒரு நோட்டுல முதல் கேள்வியா எழுதினது இதுதான்: கரண்ட் போனா என் தண்ணி எங்க போகும்? நீங்களும் அங்கிருந்து ஆரம்பிங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி.

என் ரெண்டாவது கணக்கைச் சொல்றேன், உங்க அளவுக்கு மாத்திக்கோங்க. சம்ப் 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். ஓடும்போது தண்ணி 22 சென்டிமீட்டர் உயரத்துலதான் நிக்கும். விளிம்புக்கு ரெண்டு சென்டிமீட்டர் விட்டா, காலி இடம் 38 லிட்டர். சம்ப் மாறல. மேலே ஏத்துற குழாய் வாயைத்தான் 12-ல இருந்து 3 சென்டிமீட்டருக்குத் தூக்கினேன். இப்போ மோட்டார் நின்னா இறங்குறது 12 லிட்டர். வழிஞ்சு விழுற பெட்டியிலயும் குழாயிலயும் இருக்கிறது ஒரு 6 லிட்டர். ஆக 18. இருபது லிட்டர் இன்னும் காலி. அந்த இருபதுக்கும் ஒரு வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

"நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா தண்ணி திரும்பாதே"ன்னு கடையில சொல்வாங்க. எனக்கும் சொன்னாங்க. கடல் தண்ணியில அந்த வால்வு மூடுற இடத்துல சுண்ணாம்பு படியும், ஒரு குட்டி நத்தை போய் உட்காரும். அப்புறம் அது பாதிதான் மூடும். குழாயில தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சின்ன ஓட்டை போட்டு சைஃபனை உடைக்கலாம், நல்ல யோசனைதான், ஆனா அதுவும் அடைச்சுக்கும். ரெண்டையும் கூடுதல் பாதுகாப்பா வச்சுக்கோங்க. சம்புல காலி இடம் மட்டும்தான் எப்பவும் ஏமாத்தாது.

அடுத்தது, மேலே இருந்து கீழே வர்ற குழாய். ஒரே ஒரு குழாய் போட்டு, அதுல ஒரு நத்தையோ பாசியோ அடைச்சா, மோட்டார் ஏத்திக்கிட்டே இருக்கும், மேல் தொட்டி நிரம்பி வழியும். அதனால குறைஞ்சது ரெண்டு குழாய். முதல் குழாய்ல தண்ணி முழுசா நிரம்பி சத்தமே இல்லாம இறங்கணும். அதுக்குக் கீழே ஒரு கேட் வால்வு வச்சு வேகத்தை அளக்கணும். ரெண்டாவது குழாய் கொஞ்சம் உயரமா, சும்மா நிக்கும். முதல் குழாய் அடைச்சா தண்ணி மட்டம் ஏறி அதுக்குள்ள விழும். விழுற சத்தமே நமக்கு அலாரம். இதை ஹெர்பின்னு சொல்வாங்க. மூணு குழாய் வச்சா பீன் அனிமல். இடம் இருந்தா மூணு, இல்லன்னா ரெண்டு. ஒண்ணு மட்டும் வேண்டாம்.

சாமான் வாங்க நம்ம தெரு ஹார்ட்வேர் கடையே போதும். யூபிவிசி குழாய், எல்போ, யூனியன், டேங்க் நிப்பிள், ஒட்டுறதுக்கு சால்வென்ட் சிமெண்ட். ஆனா ஒரு விஷயத்துல கறாரா இருங்க. கேட் வால்வு கேட்டா பித்தளையிலதான் எடுத்து வைப்பாங்க. வீட்டுக்கு அது நல்ல சாமான். கடல் தொட்டிக்கு விஷம். பித்தளையில செம்பு இருக்கு. உப்புத்தண்ணியில அது கொஞ்சம் கொஞ்சமா கரையும், நத்தை, இறால், பவளம் மாதிரி முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்னுடும். சில பிளாஸ்டிக் இணைப்புக்குள்ளயும் மரைக்குப் பித்தளை வளையம் வச்சிருப்பாங்க, உள்ளே எட்டிப் பாருங்க. "அண்ணே, உள்ளே வெளியே எல்லாமே பிளாஸ்டிக்கா வேணும்"னு கேளுங்க.

வால்வு, பம்ப் ரெண்டுக்கும் பக்கத்துல யூனியன் போடுங்க. யூனியன் இல்லாம ஒட்டிட்டா, பம்பைக் கழுவுறதுக்குக் குழாயை அறுக்கணும். ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. கண்ணாடியில ஓட்டை போடுறதா இருந்தா, டஃபன்டு கண்ணாடியா இல்லையான்னு தொட்டி செஞ்சவர்கிட்ட முதல்லயே கேளுங்க. டஃபன்டு கண்ணாடியில டிரில் வச்சா மொத்தமும் சுக்குநூறாயிரும்.

பம்ப் எவ்வளவு பெருசு? பெட்டியில மணிக்கு 2000 லிட்டர்னு போட்டிருந்தா, அது தண்ணியை மேலே தூக்காதபோது. அலமாரியில இருந்து ஒன்றேகால் மீட்டர் தூக்கி, நாலு எல்போ தாண்டி வரும்போது ரொம்பக் குறைஞ்சுடும். பெட்டியிலேயே எந்த உயரத்துக்கு எவ்வளவுன்னு ஒரு கோட்டுப்படம் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க. தொட்டித் தண்ணி மாதிரி மணிக்கு அஞ்சு மடங்கு போனா போதும், எனக்கு 900 லிட்டர். அலை மாதிரி வேகமான ஓட்டம் மேல் தொட்டிக்குத் தேவை, ஆனா அதுக்குன்னு தனியா சின்ன அலை பம்ப் இருக்கு. ரெண்டு வேலையையும் ஒரே பம்ப் தலையில கட்டாதீங்க.

இப்போ அந்த இருபது லிட்டர் கணக்குக்கு வர்றேன்.

உப்பளத்துல வெயில் என்ன செய்யுதோ, அதைத்தான் உங்க ஹால்ல ஃபேனும் செய்யுது. தண்ணி ஆவியாகும், உப்பு அங்கேயே நிக்கும். என் அமைப்புல பாறை எல்லாம் போக மொத்தம் ஒரு 210 லிட்டர் தண்ணி. தினம் மூணு லிட்டர் காயுதுன்னு வைங்க. ஒரு வாரம் கவனிக்காம விட்டா, லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 39 கிட்டப் போயிடும். மாமாவுக்கு அது லாபம். என் மீனுக்கு அது ஆபத்து.

அதனால தினமும் ஈடுகட்டணும். உப்புத்தண்ணி ஊத்தி இல்ல, நல்ல தண்ணி ஊத்தி. காய்ஞ்சது தண்ணி மட்டும்தானே. இதுக்கு ஆட்டோ டாப்-ஆஃப்னு ஒரு கருவி இருக்கு. சம்புல தண்ணி குறைஞ்சா சென்சார் பார்த்து, பக்கத்து வாளியில இருந்து குட்டி மோட்டார் ஊத்தும். ஆனா சென்சார் ஒரு நாள் மாட்டிக்கும், வாளி மொத்தமும் உள்ளே போகும். 25 லிட்டர் கேன் வச்சா அடிக்கடி நிரப்ப வேண்டாம்னு ஆசையா இருக்கும். நான் வச்சிருக்கிறது 10 லிட்டர்தான். மொத்தமும் போனாலும் உப்பு 33-க்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும், மீன் தாங்கிக்கும். அதே நேரத்துல கரண்டும் போனா? 18-ம் 10-ம் 28. சம்புல இடம் 38. தரை காஞ்சே இருக்கும்.

நல்ல தண்ணின்னா வீட்டு ஆர்ஓ போதுமான்னு கேப்பீங்க. குடிக்கிற ஆர்ஓவுல ருசிக்காக மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும், டிடிஎஸ் கூட்டுற திருகும் இருக்கும். அதையெல்லாம் தாண்டி வர்ற தண்ணி தொட்டிக்கு ஆகாது. மெம்பிரேனுக்கு அடுத்து நேரா டிஐ ரெசின் வச்சு, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டணும்.

அப்புறம் உப்பு. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேக்குறது: "உங்க மாமா அளத்துலயே வேலை பார்க்கிறார். ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிக் கரைச்சு ஊத்தேன். எதுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்து ரீஃப் சால்ட் வாங்குற?" நானும் இதை மாமாகிட்ட கேட்டேன். அதுக்கு அவர் கடைசிப் பாத்திக்குக் கூட்டிட்டுப் போனார்.

உப்பளத்துல தண்ணியோட அடர்த்தியை போமே டிகிரியில அளப்பாங்க. கடல் தண்ணி மூணரை டிகிரி பக்கம். காயக் காய முதல்ல சுண்ணாம்புச் சத்து படியும். 13 டிகிரி தாண்டினா ஜிப்சம் படியும். கால்சியத்துல பெரும்பங்கு அங்கேயே போயிடுச்சு. 25 கிட்ட வந்ததும்தான் நாம சாப்பிடுற உப்பு பூக்கும். 29, 30 போறதுக்குள்ள மிச்சத் தண்ணியை வெளியே விட்டுடுவாங்க, இல்லன்னா உப்பு கசக்கும். கசப்பு எதனால? மெக்னீசியம். அதோட பொட்டாசியமும் சேர்ந்து வெளியே போயிடுது.

அதாவது உப்பளம்ங்கிறது கடலைப் பாத்தி பாத்தியா பிரிக்கிற இடம். கால்சியம் முன் பாத்தியில நின்னுடுச்சு, மெக்னீசியம் கடைசி மடையில போயிடுச்சு, நடுவுல நின்ன சோடியம் குளோரைடுதான் மூட்டையில வருது. அதைக் கரைச்சா சமையலுக்கு உப்புத்தண்ணி கிடைக்கும், கடல் கிடைக்காது. உண்மையான கடல் தண்ணியில லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல கால்சியம், 1300 மில்லிகிராம் கிட்ட மெக்னீசியம் இருக்கு. ரீஃப் சால்ட் பாக்கெட்டுக்கு நாம கொடுக்கிற காசு, பிரிஞ்சுபோனதை எல்லாம் சரியான அளவுல மறுபடி சேர்க்கிறதுக்கு. இதை ஒரு படிப்பும் இல்லாம, நாக்குல வச்சே சொல்ற மனுஷங்க இந்த வரப்புல இருக்காங்க.

கரைக்கு வந்து கேன்ல கடல் தண்ணி அள்ளிட்டுப் போகலாமான்னா, நான் போக மாட்டேன். மழை பெஞ்சா கழுவேலித் தண்ணி எல்லாம் கழிமுகம் வழியா இந்தக் கடலுக்குத்தான் வருது. இன்னைக்கு ஒரு உப்பு, நாளைக்கு ஒரு உப்பு. முதல் தொட்டிக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இப்போ கரண்டும் சூடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில இருக்கவே கூடாது. அலமாரிக்கு வெளியே, தண்ணி மட்டத்துக்கு மேலே, சுவத்துல அடிங்க. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி கீழே தொங்கி வளைஞ்சு ஏறணும். அப்போ ஒயர் வழியா வர்ற தண்ணி வளைவுல சொட்டிடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டுல தொட்டி வைக்காதீங்க. வாடகை வீடா இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு அதை மாட்டிடுங்க. லைட் வாங்குற காசுல பாதி கூட ஆகாது.

நம்ம ஊருக்கு ஹீட்டர் தேவையே இல்ல. சிக்கல் தலைகீழா இருக்கு. தண்ணி 26 டிகிரி பக்கம் இருந்தா நல்லது. மே மாசம் சென்னை வீட்டுக்குள்ள அது 31, 32 போகும். மேலே சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆனா தண்ணி இன்னும் வேகமா காயும், புழுக்கமான நாள்ல ஃபேன் எடுபடாது. அதுக்கு மேலே வேணும்னா சில்லர்தான். அது தொட்டியை விட விலை அதிகம். இப்போ வாங்க முடியலன்னாலும் குழாய்ல அதுக்கு ஒரு டீயும் வால்வும் வச்சிடுங்க.

கரண்ட் நாலு மணி நேரம் போனா மீன் பசியில சாகாது, மூச்சு முட்டித்தான் சாகும். சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவா கரையும். இன்வெர்ட்டர்ல பெரிய பம்பைப் போடாதீங்க, மேல் தொட்டியில இருக்கிற அந்தச் சின்ன அலை பம்பை மட்டும் போடுங்க, ரொம்ப நேரம் தாங்கும். பேட்டரியில ஓடுற காத்து மோட்டார் ஒண்ணு டிராயர்ல இருக்கட்டும்.

எடையையும் மறந்துடாதீங்க. தண்ணி, கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து என் தொட்டி 300 கிலோவுக்கு மேல. ஹால் நடுவுல வேண்டாம், பீம் இருக்கிற சுவர் ஓரமா வைங்க.

கடைசியா, பவளம். நிறைய பேருக்கு ரீஃப் தொட்டின்னாலே அதுதான் கனவு. எனக்கும்தான். ஆனா 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல, 2001-ல இருந்து கல் பவளம், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாம் முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. காரணமும் நம்ம பக்கத்துலயே இருக்கு. மன்னார் வளைகுடாவுல தேசியப் பூங்காவா 1986-ல அறிவிச்ச 21 தீவுல ரெண்டு கடலுக்குள்ள முங்கிப் போச்சு. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளத்தை வெட்டி எடுத்தது அதுல முக்கியக் காரணம். "ராமேஸ்வரத்துல இருந்து எடுத்த உயிர்ப்பாறை"ன்னு யாராவது மெசேஜ் அனுப்பினா, வாங்காதீங்க.

என் தொட்டியில இருக்கிறது செயற்கைப் பாறை, ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தை. கோமாளி மீனைப் பண்ணையிலயே பொரிக்க வச்சு வளர்க்கிற முறையை மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையமும் எப்பவோ செஞ்சு காட்டிட்டாங்க. அதனால கடையில "பண்ணையில வளர்ந்ததா, கடல்ல பிடிச்சதா?"ன்னு கேளுங்க.

இனி நீங்க செய்ய வேண்டியது. முதல்ல பேப்பர்ல படம், அதுல லிட்டர் கணக்கு. அப்புறம் குழாய் வேலை. அப்புறம் வெறும் குழாய்த் தண்ணி நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்க. தினம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிட்டு, தரையில உட்கார்ந்து சம்பைப் பாருங்க. வேணும்னே முதல் குழாயைத் துணியால அடைச்சுப் பாருங்க. எதுவும் வழியலன்னா அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, ஆர்ஓ தண்ணி, உப்பு, பாறை. அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துக்கு வர ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். அதுக்கு அப்புறம்தான் மீன்.

என் ரெண்டாவது தொட்டிக்கு இப்போ பதினாலு மாசம். எத்தனை தடவை கரண்ட் போச்சுன்னு கணக்கில்ல. கீழ் வீட்டு அம்மா இப்பவும் வர்றாங்க, பேரனைக் கூட்டிட்டு, மீன் காட்டுறதுக்கு.

மாமா கூப்பிடுறார், கிளம்பணும். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.